முழங்கை கண்ணில் படட்டும்: தோள் மாற்று சிகிச்சை குறித்த கேள்வி-பதில்

தோள் மாற்று அறுவை சிகிச்சை அரங்கில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஆறு மாதம் நடப்பது பிசியோதெரபி அறையிலும் உங்கள் வீட்டிலும்தான். அந்த ஆறு மாதத்தில் உங்களோடு இருக்கிற பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன். கேள்வி அனுப்பியவர்களில் பாதிப் பேர் மகள்களும் மருமகள்களும். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. இரண்டு வருடமாக வலது கையைத் தூக்க முடியவில்லை. ஸ்கேனில் தசைநாண் முழுக்கக் கிழிந்திருக்கிறது என்றார்கள். "ரிவர்ஸ்" மூட்டு போட வேண்டும் என்கிறார் டாக்டர். எதற்காகத் தலைகீழாக வைக்க வேண்டும்? — சேலம் வாசகி

தோளில் ஒரு பந்தும் ஒரு கிண்ணமும் உண்டு. கை எலும்பின் தலை பந்து. தோள்பட்டை எலும்பில் இருப்பது கிண்ணம். பெயர்தான் கிண்ணம், ஆழம் ஒரு தட்டளவுதான். அதனால் பந்தை நடுவில் பிடித்து நிறுத்துவது 'ரொட்டேட்டர் கஃப்' என்கிற நான்கு தசைகளின் வேலை. அவை கிழிந்து வருடக்கணக்கில் சுருங்கி, கொழுப்பு ஏறிவிட்டால் தைத்தாலும் நிற்காது. அப்போது தோளை வெளியே மூடியிருக்கும் டெல்டாய்டு தசை இழுத்தால் கை எழும்பாது; பந்து மட்டும் மேலேறிக் கூரை எலும்பில் முட்டும். அங்கே சாதாரணச் செயற்கை மூட்டை வைத்தாலும் இதே கதைதான்.

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழி அசையாது, குழவி சுற்றும். அதுதான் நம் இயல்பான தோள். கிரைண்டரில் குழவியைப் பிடித்து நிறுத்திவிடுகிறோம். கல்தான் அதைச் சுற்றி வருகிறது. ரிவர்ஸ் மூட்டு அந்தக் கிரைண்டர் மாதிரி. உலோகப் பந்தைத் தோள்பட்டை எலும்பில் திருகி முடுக்கிவிடுவார்கள். கை எலும்பின் உச்சியில் பிளாஸ்டிக் கிண்ணம் உட்காரும். சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்வதால் டெல்டாய்டுக்கு நெம்புகோலின் நீளம் கூடுகிறது. கிழிந்த நான்கு பேர் செய்த வேலையைப் பெரும்பாலும் அந்த ஒரே தசை செய்துவிடும். பிரான்சின் தீஜோன் நகரில் பால் கிராமோன் என்ற மருத்துவர் 1985-இல் வகுத்த வழி இது. அமெரிக்காவில் 2003-இல்தான் அனுமதி கிடைத்தது.

ஆகவே அம்மாவின் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "டெல்டாய்டும் அதன் நரம்பும் நன்றாக இருக்கின்றனவா?" என்பதுதான். அந்தத் தசை வேலை செய்யாவிட்டால் இந்த மூட்டால் பயனில்லை. சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரி அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு தேதி குறியுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போனால் நஷ்டமில்லை.

ஆபரேஷன் முடிந்து 16 நாள். பகலில் சமாளிக்கிறேன், இரவில் தூக்கமே இல்லை. படுத்தால் தோள் பின்னால் கழன்று விழுவது போலிருக்கிறது. — நாகர்கோவில் வாசகர்

என் அறைக்கு வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், ஐயா. வலியைவிடத் தூக்கமின்மைதான் அவர்களை உடைத்துவிடுகிறது.

மல்லாந்து படுக்கும்போது முழங்கை மெத்தையில் பின்னோக்கிச் சரிகிறது. புது மூட்டுக்குப் பிடிக்காத திசை அது. பழைய குளியல் துண்டு ஒன்றை நான்காக மடித்து, மேற்கைக்கும் முழங்கைக்கும் அடியில் வையுங்கள். தலையணையை உயரம் பார்த்து வையுங்கள். தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. வைத்த பிறகு தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பாருங்கள். உங்கள் முழங்கை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது பின்னால் போயிருக்கிறது. இன்னொரு மடிப்பு வையுங்கள். இது ஒன்றைத்தான் நான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது.

முதல் மூன்று வாரம் கட்டிலைவிட ஈஸிசேர் நல்லது. முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துப் பாதி சாய்ந்த நிலையில் உறங்கலாம். ஸ்லிங்கை, அதாவது கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டியிருக்கும் தொட்டில் கட்டை, கழற்றாமல் தூங்குங்கள். வலி மாத்திரையை வலி ஏறிய பிறகு தேடாதீர்கள். டாக்டர் சொன்ன இரவு மாத்திரையைப் படுக்கப் போவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு பெரும்பாலானோருக்குத் தூக்கம் சீராகிறது.

எனக்கு இடது தோளில் செய்தார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கழிப்பறையில் கழுவ முடியவில்லை. மருமகளிடம் எப்படிச் சொல்வது? இனி எப்போதாவது முடியுமா? — திருப்பூர் வாசகி, 69 வயது

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. இடது தோள் ஆபரேஷனுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே எடுத்துக் கொடுப்பதால் வருகிற வினை. கையைப் பின்னால் கொண்டுபோவது இந்த மூட்டில் கடைசியாகத் திரும்பும் அசைவு, சிலருக்கு முழுதாகத் திரும்பவே திரும்பாது. நமக்கோ அந்தக் கைதான் வேண்டும்.

முதல் மூன்று மாதம் இடது கையைப் பின்னால் கொண்டுபோகவே வேண்டாம். கை பின்னுக்குப் போய், உடம்போடு ஒட்டி, உட்புறம் திரும்புவது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மூட்டு நழுவும். கழுவுவது, புடவையைப் பின்னால் செருகுவது, நாற்காலிக் கையை ஊன்றி எழுவது எல்லாம் அந்த வகைதான். அதுவரை வலது கையால் முன்புறமாகக் கழுவிப் பழகுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் குழாய் இருந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து, எழும்போது கையைத் தரையில் ஊன்றவே கூடாது. நான் பார்த்த ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் இப்படித்தான் மூட்டு நழுவியது. நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர், மறுபடி அரங்குக்குள் போக வேண்டியதாயிற்று. ஒரு பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தால் போதும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

ரவிக்கையை முன்கொக்கி வைத்து, கையைத் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். போடும்போது ஆபரேஷன் செய்த கை முதலில். கழற்றும்போது அது கடைசியில். சில வாரம் நைட்டியிலேயே இருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மருமகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "மூணு மாசத்துக்கு இந்தக் கையைப் பின்னால கொண்டுபோகக் கூடாதாம்மா." மீதி அவளுக்குத் தானாகப் புரியும்.

நான்காவது மாதத்திலிருந்து கையை மெல்லப் பக்கவாட்டு இடுப்புக்கும், பிறகு பின் இடுப்புக்கும் கொண்டுபோகப் பழக்குவோம். பலருக்குப் பின்பாக்கெட் உயரம் வரை எட்டும். இடதில் எட்டவில்லை என்றாலும் அது உங்கள் முயற்சிக் குறைவு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் மாற்றிய மறுநாளே நடந்தார். எனக்கு ஐந்து வாரம் ஆகிறது, தலைவாரக்கூடக் கை எழவில்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டதா? — வேலூர் வாசகர்

இல்லை. ஐந்து வாரத்தில் அது எழக் கூடாது என்பதுதான் திட்டம். முழங்காலில் தசைகள் பழைய வேலையையே தொடர்கின்றன. உங்கள் தோளில் ஒரு தசை புது வேலை கற்றுக்கொள்கிறது. இந்த இரண்டையும் ஒப்பிடுவது உங்களை வீணாக நோகடிக்கும், ஐயா.

பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங். அதுவரை விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளும், டாக்டர் அனுமதித்தால் குனிந்து கையை ஊசலாட விடுவதும்தான். ஸ்லிங் கழன்றதும் பலர் செய்யும் தவறு, கண்ணாடி முன் நின்று பல்லைக் கடித்துக் கையைத் தூக்குவது. அப்போது தோள் காதுக்கு ஏறும், கை எழாது. நான் படுக்கவைத்துத்தான் தொடங்குவேன். மல்லாந்து படுத்து, நல்ல கையால் அந்தக் கையைப் பிடித்துக் கூரையை நோக்கி நேராக நிமிர்த்துங்கள். அந்த நிலையில் கையின் பாரம் நேராக மூட்டுக்குள் இறங்குவதால் தூக்கும் சுமை குறைகிறது. பிடித்த கையை விட்டுவிட்டு, அப்படியே சில நொடி நிறுத்துங்கள். நடுங்கும், நடுங்கட்டும். பிறகு காற்றில் பனைமரம் ஆடுவது போல முன்னும் பின்னும் ஒரு சாண் அளவு அசையுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை. அது சுலபமானதும் முதுகுக்கு ஒரு தலையணை, அடுத்த வாரம் இரண்டு, பிறகு உட்கார்ந்து, கடைசியாக நின்று. உங்கள் டாக்டரின் சம்மதத்தோடு ஆறாவது வாரம் தொடங்குங்கள். எடை தூக்கும் பயிற்சி மூன்று மாதத்துக்குப் பிறகுதான்.

பெரும்பாலானோர் முன்பக்கமாக 120 முதல் 140 டிகிரி வரை தூக்குகிறார்கள். மேல் அலமாரியில் இருக்கும் டம்ளரை எடுக்கப் போதும். வலி சீக்கிரம் குறையும். பலம் ஒரு வருடம் வரை கூடிக்கொண்டே போகும்.

விமான நிலையத்தில் மணி அடிக்குமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? — துபாயில் இருந்து

மணி அடிக்கலாம், செயற்கை மூட்டு இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள், தனியாகச் சோதிக்கலாம். இன்றைய மூட்டுகள் பலவற்றோடு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும். மூட்டின் விவரம் எழுதிய அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, ஸ்கேன் எடுப்பவரிடம் முதலில் காட்டுங்கள்.

தையல் ஆறிவிட்டது. மாமியார் தைலம் தேய்த்து நீவி விட்டால் சீக்கிரம் கை எழும் என்கிறார். — திண்டுக்கல்

வேண்டவே வேண்டாம், தம்பி. மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. சுளுக்குக்கு நீவி சுகம் கண்ட தலைமுறை அது. ஆனால் நீவுகிறவர் கையைப் பின்னால் முறுக்கி இழுத்தால் மூட்டு நழுவும். தழும்பின் மேல் மஞ்சளும் எண்ணெயும் வைக்காதீர்கள். அக்குள் தோலின் மயிர்க்கால்களில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா, சத்தமில்லாமல் மாதக்கணக்கில் மூட்டுக்குள் தங்கிவிடக் கூடியது. காய்ச்சல்கூட வராமல் போகலாம். ஆகவே தையலில் கசிவு, சிவப்பு, தணிந்திருந்த வலி திரும்ப ஏறுவது, இதில் எது வந்தாலும் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். வேறு இடத்தில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு போகாதீர்கள். கிருமியைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

அப்பாவுக்கு நான்கு மாதம் அருமையாக இருந்தது. போன வாரத்திலிருந்து தோளின் உச்சி எலும்பில் தொட்டாலே வலி. அடிபடவில்லை. பயிற்சியைக் கூட்டலாமா? — மதுரை வாசகி

கூட்டாதீர்கள், நிறுத்துங்கள். ஸ்லிங்கைத் திரும்பப் போட்டு இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். டெல்டாய்டு அந்த உச்சி எலும்பில்தான் பற்றியிருக்கிறது. இப்போது அது முன்னைவிட அதிகமாக இழுக்கிறது. எலும்பு மெலிந்திருந்தால், அடிபடாமலே அங்கே மெல்லிய விரிசல் விழக்கூடும். எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம், சி.டி. தேவைப்படலாம். பெரும்பாலும் ஓய்வுதான் மருந்து. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் கேளுங்கள். "சும்மா இருந்தால் இறுகிவிடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஸ்கூட்டர் எப்போது? கேஸ் சிலிண்டர்? — இரண்டு பேர் கேட்டது

ஸ்லிங் இருக்கும்வரை எந்த வண்டியும் இல்லை. காரை இரண்டு முதல் மூன்று மாதத்தில் பலர் ஓட்டுகிறார்கள். இருசக்கர வண்டிக்கு நான் ஆறு மாதம் சொல்வேன். வண்டி சாயும்போது கையை ஊன்றித் தடுப்பதுதான் ஆபத்து. சிலிண்டரை இனி எப்போதும் வேறொருவர் தூக்கட்டும். அந்தக் கையில் பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. இன்றைய கணக்கில் 10 ஆண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது மூட்டுகள் நீடிக்கின்றன.

கொண்டை போட முடியுமா? — கோவில்பட்டி வாசகி, 74 வயது, வலது தோள்

ஒரே வரிக் கடிதம், இதற்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக, தோளை வெளிப்புறம் திருப்பும் பின்பக்கச் சிறு தசை மிச்சம் இருக்க வேண்டும். அது உங்களுக்கு இருக்கிறதா என்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொல்வார். இருந்தால் ஐந்து, ஆறு மாதத்தில் வாய்ப்பு அதிகம். அதுவரை மேசையில் முழங்கையை ஊன்றி, தலையைக் கைக்குக் கொண்டுவாருங்கள். சீப்பு நெற்றியில் தொடங்கட்டும், வாரம் ஒரு விரல்கடை பின்னால் போகட்டும். முடியைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுத் தளர்வாகப் பின்னி, இடது கையால் ஒரு கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒரு பாட்டி, எட்டாவது மாதம் பூ வைத்துக்கொண்டு வந்து பின்தலையைத் திருப்பிக் காட்டினார். கொண்டை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஊசியை அவரே குத்தியிருந்தார்.