முதல் துப்பாக்கி: பெரியப்பாவின் வெப்லியா, கான்பூர் ரிவால்வரா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற இராணுவ ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர்) ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் குடியாத்தத்தில் நகை அடகுக் கடை வைத்திருக்கிறேன், வீடு காட்பாடியில். கடை அடைத்த பிறகு பணத்தோடு இரவில் வண்டியில் திரும்ப வேண்டிய நாள்கள் உண்டு. இரண்டு ஆண்டு அலைச்சலுக்குப் பின் இப்போதுதான் கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்தது. வாலாஜாபேட்டையில் வசிக்கும் என் பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர், வயது 78. தம்மிடம் உள்ள .32 வெப்லி ஸ்காட் ரிவால்வரை எனக்கு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். "லண்டன் சரக்கு, இனிமேல் கிடைக்காது" என்கிறார். பயிற்சிச் சான்றிதழுக்காகச் சுட்டதைத் தவிர எனக்கு அனுபவம் கிடையாது. முதல் துப்பாக்கியையே பழையதாக வாங்கலாமா?

— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: வணக்கம். பழையது என்ற ஒரே காரணத்துக்காக ரிவால்வரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒழுங்காக வைத்திருந்தால் அது மனிதனைவிட நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட ரிவால்வரை, அதுவும் முதல் துப்பாக்கியாக, நீங்கள் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெரியப்பா வருத்தப்படக்கூடும். வெப்லி லண்டன் சரக்கன்று, பர்மிங்காம் சரக்கு என்பதையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், இன்னும் வருத்தப்படுவார்.

தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வழியை 1980களின் நடுப்பகுதியில் அரசு அடைத்துவிட்டது. அதற்கு முன் வந்து சேர்ந்த வெப்லிகளும் கோல்ட்டுகளும் ஸ்மித் வெஸ்ஸன்களுமே இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே அவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இரும்புக்கு அன்று, பெயருக்கும் அருமைக்கும்தான். சேர்த்து வைப்பவர்களுக்கு அது பொருந்தும். உள்ளே ஒரு சுருள்வில் உடைந்தால் மாற்று வில்லுக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? யாரோ ஒருவர் வேறு ஏதோ வில்லை அரத்தால் தேய்த்துப் பொருத்தித் தருவார். அன்றிலிருந்து அது வெப்லியும் அன்று, வேறெதுவும் அன்று. மேலும், நீங்கள் பீரோவில் பூட்டி வைக்க வாங்கவில்லை, இடுப்பில் வைத்துக்கொள்ள வாங்குகிறீர்கள். வேலூர் வெயிலில் இடுப்பு வியர்வை ஒரே கோடையில் துருப்பிடிக்காமல் காக்கும் பழைய நீலப்பூச்சைத் தின்றுவிடும். இன்னொன்று: உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் இப்போது வெப்லி பெயரிலேயே புதிய .32 ரிவால்வர்கள் தயாராகின்றன. யாராவது 'வெப்லி' என்றால் எந்த வெப்லி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிது என்றால் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் இருக்கிறது. ஆறு தோட்டா கொள்ளும். நடுவில் மடங்கித் திறக்கும் அதன் அமைப்பே பழைய வெப்லியைப் பார்த்துச் செய்ததுதான். 2014இல் வந்த 'நிர்பீக்' என்ற ரிவால்வர் எடை குறைந்தது, சுமார் 500 கிராம். வந்தபோதே அதன் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். எடை குறைந்ததைச் சுமப்பது எளிது, ஆனால் சுடும்போது கையை அது அதிகமாக உதறும். அனுபவம் இல்லாதவருக்குச் சற்றே கனமான அந்தக் கான்பூர் .32 வகையே நல்லது என்பேன். புதிதாக வாங்கப் பணம் போதாது என்றால், அதிகம் சுடப்படாத கான்பூர் ரிவால்வர் ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். எங்கே கிடைக்கும் என்பதை அடுத்த கேள்வியின் பதிலில் பாருங்கள்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். முப்பது ஆண்டுகள் பிறருடைய துப்பாக்கிகளைப் பழுதுபார்த்த நானே ஏமாந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில், வடக்கே ஒரு நகரத்துக் கடையில் பழைய ரிவால்வர் ஒன்று பளபளவென்று இருந்தது. இரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு முறை விசையை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். பிறகு சுடுதளத்தில் ஐந்து தோட்டா ஒழுங்காகப் போயின. ஆறாவதில் கன்னத்தில் ஊசி குத்தியதுபோல் இருந்தது. தடவிப் பார்த்தால் ஈயத் துணுக்கு. தோட்டா இருக்கும் அந்த ஓர் அறை மட்டும் குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான், துப்பாக்கியில் பொறித்த எண்ணின் ஓரங்கள் மழுங்கி, திருகுகளின் தலைகள் சிதைந்து, துருவைத் தேய்த்து மேலே புதுப்பூச்சு ஏற்றியிருந்தது தெரிந்தது. பழைய துப்பாக்கி பழையதாகத் தெரிவதில் குற்றமில்லை. புதியதாகத் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எனவே பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத நாளில், உரிமையாளரின் முன்னிலையில் பாருங்கள். முதல் வேலையாக அதைத் திறந்து ஆறு அறைகளும் காலியா என்று கண்ணாலும் பிறகு சுண்டுவிரல் நுனியாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். "காலிதான்" என்று சொல்பவர் பெற்ற தகப்பனே ஆனாலும் சரி. மூடிய பின், ஒரு கையில் பிடியையும் மறு கையில் குழலையும் பற்றி மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். மடங்கித் திறக்கும் ரிவால்வரின் உயிர்நாடி அந்தக் கொக்கியும் கீலும்தான். அங்கே 'டக்'கென்று ஆட்டம் தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

ஆட்டம் இல்லையென்றால், பாதுகாப்பான பக்கம் நீட்டிப் பிடித்து, விசையைத் தொடாமல் ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தியலை) கட்டைவிரலால் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுவதும் ஏறி நிற்பதற்குள், ஆறு அறைகளும் உள்ள சுழலும் உருளையான சிலிண்டர் 'டிக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். வேகமாக இழுத்தால் சுழன்ற வேகத்திலேயே அது வந்து பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. நான் ஏமாந்தது அங்கேதான். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக ஆறு முறை செய்யுங்கள். ஏறி நிற்கும் ஹேமரைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுங்கள். அது விழுந்துவிட்டால், கீழே தவறிப் போட்டாலே வெடிக்கக்கூடிய துப்பாக்கி அது. சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க, பைக் மெக்கானிக் வைத்திருக்கும் பீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) போதும்: 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை சரி, 0.30ஐத் தாண்டினால் வேண்டாம். கேஜை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், ரிவால்வரை மெக்கானிக்கிடம் எடுத்துப் போகாதீர்கள். கடைசியாகக் குழலைத் துடைத்துவிட்டு, திறந்த நிலையில் ஒரு முனையில் வெள்ளைத் தாளைக் காட்டி மறுமுனை வழியே பாருங்கள். சிறு புள்ளிகள் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் வளையல் போட்டதுபோல் ஒரு கருநிற வட்டம் தெரிந்தால், உள்ளே குண்டு சிக்கியிருந்தபோது மறுபடி சுட்டிருக்கிறார்கள், குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். அது இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

இனி காகிதம். துப்பாக்கியில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் எண்ணும், விற்பவரின் உரிமத்தில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் அழிக்கப்பட்டதையோ திருத்தப்பட்டதையோ வாங்குவதே ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் மாட்டிவிடும். விற்பவரின் உரிமத்தில், உரிமதாரருக்கென்று தரப்படும் தனி அடையாள எண் (UIN) ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தனிநபர் தம் துப்பாக்கியை விற்கலாம். ஆனால் யாருக்கு விற்கப் போகிறார் என்பதைப் பெயர், முகவரியுடன் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, அதன்பின் 45 நாள்கள் கழிய வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. என் பேச்சையும் மீறிப் பெரியப்பாவிடமே வாங்கினால் இங்கே ஒரு குழப்பம் வரும்: பெரியப்பாவின் உரிமம் அப்போது ஒன்றாயிருந்த வேலூர் மாவட்டத்தில் வழங்கப்பட்டிருக்கும்; 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் வாலாஜா இராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. அவர் கடிதம் கொடுக்க வேண்டியது அங்கே. நீங்கள் வாங்கியதும் ரிவால்வரைக் காட்டி எண்ணை உரிமத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியது வேலூர் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில். "நம் வீட்டுப் பிள்ளைதானே" என்று அந்த 45 நாளுக்குள் அவர் உங்கள் கையில் கொடுத்தனுப்பினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் உரிமமில்லாத ஆயுதம் வைத்திருப்பவராகக் கருதப்படலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுச் சிறை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இரவில் ஓடும் வண்டியில், இரு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும்போது, இடுப்பு ரிவால்வர் உதவுவது அரிது. பணத்தைப் பகலில் வங்கியில் கட்டும் ஏற்பாட்டைத் துப்பாக்கி வந்த பிறகும் கைவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவருடைய கான்பூர் .32 ரிவால்வர் பீரோவில் அப்படியே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், உரிமம் உள்ளவர், விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

— ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: அம்மா, இன்றைய நிலையில் அதை விற்கவும் முடியாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. உரிமம் உங்கள் கணவருடைய பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்துவிட்டது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். எட்டு மாதமாகிவிட்டதே என்று பயந்து மறைக்க வேண்டாம். நீங்களே பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறவும் வேண்டாம். உரிமத்தையும் இறப்புச் சான்றிதழின் நகலையும் எடுத்துக்கொண்டு முதலில் காவல் நிலையத்துக்குப் போய் விவரம் சொல்லுங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். ஒப்படைத்ததும் துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன்பின் உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. மகனோ மகளோ விரும்பினால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். யாருக்கும் வேண்டாம் என்றால், ஒப்படைப்பில் இருக்கும் நிலையிலேயே உரிமம் உள்ள ஒருவருக்கு விற்க அனுமதி கேட்கலாம். கடையில் ஒப்படைத்திருந்தால் அவர்களே ஆளைத் தேடித் தருவார்கள், அவர்களுடைய பங்கை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் விட்டுவிடாதீர்கள்: கெடுவுக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அது அரசுடைமையாகிவிடும்.

காட்பாடி வாசகருக்கு நான் சொல்ல வந்தது இத்தகைய ரிவால்வரைத்தான். கணவர் வாங்கி, பூஜை போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் துடைத்து, பத்துத் தோட்டாகூடச் சுடாமல் பீரோவில் வைத்திருந்தது எத்தனையோ வீடுகளில் உண்டு. உரிமம் பெற்ற கடைகளில் ஒப்படைப்பாக இப்படிக் கிடப்பவற்றைக் கேட்டுப் பாருங்கள். வெளியே உறையின் தேய்மானம் இருக்கலாம். உள்ளே இயக்கம் புதிதாகவே இருக்கும்.

கேள்வி: பழைய ரிவால்வர் வாங்கும்போது விற்பவரிடம் மீதமுள்ள தோட்டாக்களையும் சேர்த்து வாங்கலாமா? பதினைந்து ஆண்டுப் பழையவை.

— ஒரு வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வேண்டாம். அவற்றை விற்பவரே துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கட்டும். நீங்கள் உங்கள் உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்குள் புதிதாக வாங்குங்கள். வாங்கும்போது '32' என்று மட்டும் சொல்லாதீர்கள். ரிவால்வர் தோட்டா வேறு, அதே எண்ணால் அழைக்கப்படும் பிஸ்டல் தோட்டா வேறு. பழைய வெளிநாட்டு ரிவால்வர்களில் குட்டைத் தோட்டாவுக்கென்றே செய்தவையும் உண்டு. குழலில் பொறித்திருப்பதைப் படித்துக் காட்டுங்கள். பழைய தோட்டாவை எப்போதாவது சுட நேர்ந்து, ஹேமர் விழுந்தும் வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி, மனத்துக்குள் அறுபது எண்ணிவிட்டு, பிறகு திறங்கள்.