விலாசம் மாறியது, வழக்கு போனது

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். 2023 மார்ச்சில் நியூ ஜெர்சியில் ஒரு கடை வாசலில் வைத்து என் கணவரைப் போலீஸ் கைது செய்தது. ஒரு ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாததால், 2025 ஜனவரியில் ஃபெடரல் கோர்ட்டில் அவரே சிவில் உரிமை வழக்குப் போட்டார். ஏப்ரலில் வேலைக்காக டெக்சாஸ் வந்துவிட்டோம். கோர்ட்டுக்குப் புது விலாசம் சொல்லவில்லை. இந்த மாதம் இணையத்தில் பார்த்தால், வழக்கை நடத்தத் தவறியதாகச் சொல்லி அக்டோபரிலேயே தள்ளுபடி செய்திருக்கிறார்கள். மதுரையில் கோர்ட் கிளார்க்காக இருக்கும் என் அண்ணன், "ரெஸ்டோர் மனு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். புதிதாகவே வழக்குப் போட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: புது வழக்கு இப்போது வேண்டாம் அம்மா. முதலில் அந்தத் தள்ளுபடி உத்தரவை எடுத்துக் கடைசி இரண்டு வரியைப் படியுங்கள். 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்று இருக்கிறதா? இருந்தால் மறுபடி வழக்குப் போடத் தடையில்லை என்று அர்த்தம். ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால், ஃபெடரல் சிவில் விதி 41(b)-இன்படி அது உங்கள் வழக்கை முழுதாக விசாரித்துத் தோற்கடித்ததற்குச் சமம். போலீஸ் செய்தது சரியா தப்பா என்று எந்த நீதிபதியும் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் தோற்றது தோற்றதுதான்.

அந்த வார்த்தை இருந்தாலும் உடனே சந்தோஷப்பட முடியாது. செக்‌ஷன் 1983 வழக்குகளுக்கு, அதாவது உங்கள் கணவர் போட்டது போல போலீஸ் முதலான அரசு ஆட்கள் மேல் போடும் சிவில் உரிமை வழக்குகளுக்கு, நியூ ஜெர்சியில் கெடு இரண்டு வருஷம். சட்டவிரோதக் கைதுக்கான உங்கள் கெடு 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. பழைய வழக்கு நடந்த காலத்தை அதில் கழித்துக்கொள்ள விடமாட்டார்கள். தள்ளுபடியான வழக்கைப் போடாத வழக்காகவே கணக்கிடுவார்கள். பொய்க் குற்றச்சாட்டில் வழக்கு நடத்தினார்கள் என்ற கோரிக்கை வேறு. அதன் கெடு குற்றச்சாட்டு விழுந்த நாளில்தான் தொடங்கும், ஆகவே 2026 ஆகஸ்ட் வரை உயிர் இருக்கிறது. உங்கள் கணவருக்கு அது பொருந்துமா என்பதைத் தாள்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உத்தரவில் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' இல்லையென்றால் அந்தக் கதவும் மூடியதுதான்.

இனி அண்ணன் சொன்னது. நம்மூரில் வாதி வராமல் வழக்கு டீஃபால்ட்டில் போனால் 30 நாளுக்குள் மனு போட்டு, போதிய காரணம் காட்டி மீட்கலாம். இங்கே அதற்குப் பக்கத்தில் வருவது ஃபெடரல் சிவில் விதி 60(b) மோஷன், அதாவது முடிந்த உத்தரவை நீக்கக் கேட்கும் மனு. 'மன்னிக்கத்தக்க கவனக்குறைவு' என்ற காரணத்தைச் சொன்னால் மேல்வரம்பு ஒரு வருஷம். ஒரு வருஷம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 'நியாயமான காலத்துக்குள்' என்றும் அதே விதி சொல்கிறது. தெரிந்த பிறகு ஆறு மாதம் சும்மா இருந்தவரை எந்த நீதிபதியும் பரிவோடு பார்க்க மாட்டார். மேல்முறையீட்டுக்கான 30 நாள் போய்விட்டது. உத்தரவு கைக்கு வராதவர்களுக்கு அந்தக் கெடுவைத் திறந்துவிட ஒரு குறுகலான வழி உண்டு. அதற்கும் உத்தரவு தேதியிலிருந்து 180 நாள்தான் உச்சம். கடிதம் ஏன் வரவில்லை என்று கேட்டால் உங்களிடம் நல்ல பதில் இல்லை, அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

நியூ ஜெர்சி ஃபெடரல் கோர்ட்டின் உள்ளூர் விதி, விலாசம் மாறினால் ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்லச் சொல்கிறது. 90 நாள் அசையாமல் கிடக்கும் வழக்கைக் கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்யவும் விதி இருக்கிறது. வக்கீல் இல்லாமல் வருகிறவர்கள் பலர் போலீஸை எதிர்த்து அழகாக நாற்பது பக்கம் எழுதிவிட்டு, இந்த ஒரு பக்க நோட்டீஸில் விழுகிறார்கள். போஸ்ட் ஆபீஸில் விலாசம் மாற்றியது கோர்ட்டுக்குச் சொன்னதாகாது.

ஆகவே இந்த வாரமே புது விலாச நோட்டீஸை கிளார்க் ஆபீஸுக்கு அனுப்புங்கள். கூடவே 60(b) மோஷன். 1984-இல் பௌலிஸ் என்ற வழக்கில் மூன்றாம் சர்க்யூட் கோர்ட் (நியூ ஜெர்சிக்கு மேலே உள்ள ஃபெடரல் மேல்முறையீட்டுக் கோர்ட்), இப்படித் தள்ளுபடி செய்யும் முன் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: தவறு யாருடையது, எதிர்த்தரப்புக்கு என்ன நஷ்டம், இழுத்தடித்த பழக்கம் உண்டா, வேண்டுமென்றே செய்ததா, தள்ளுபடியைவிடச் சின்னத் தண்டனை போதாதா, வழக்கில் சரக்கு இருக்கிறதா. இவற்றை நீதிபதி எடைபோட்டாரா என்று உத்தரவில் தேடுங்கள். போடவில்லை என்றால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். என் அனுபவத்தில் கடைசி இரண்டும்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுக்கும். குற்றச்சாட்டு கைவிடப்பட்ட உத்தரவு, வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம் எல்லாவற்றையும் இணையுங்கள். அழுகையைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள்.

கேள்வி: வக்கீல் கோட்டை விட்டதற்குக் கட்சிக்காரரைத் தண்டிப்பது நியாயமா? அமெரிக்காவில் எப்படி?
— சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: அமெரிக்கா இரக்கம் காட்டாது தம்பி. லிங்க் எதிர் வாபாஷ் ரயில்வே என்ற வழக்கைத் தேடிப் படியுங்கள். கார்மேல் ரயில் மோதிய விபத்து, 1954-இல் போட்ட வழக்கு. 1960 அக்டோபரில் ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு இண்டியானாவின் ஹாமண்ட் நகரில் விசாரணைக்கு முந்தைய கூட்டம். வாதியின் வக்கீல் அன்று காலை போன் செய்து, இண்டியானாபொலிஸில் வேறு வேலையில் இருக்கிறேன், வர முடியாது என்றார். நீதிபதி அன்றே வழக்கைத் தள்ளிவிட்டார். 1962-இல் உச்ச நீதிமன்றம் 4-3 என்று அதை உறுதி செய்தது. அந்த வக்கீலைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தானே என்பது நீதிபதி ஹார்லனின் வாதம். நீதிபதி பிளாக் கடுமையாக மறுத்தார். எனக்கு அவர் கட்சிதான். நம் உச்ச நீதிமன்றம் 1981-இல் ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வக்கீல் வராததற்குக் கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாது என்றது. 1993-இல் சலில் தத்தா வழக்கில், அதை எல்லோருக்கும் நீட்ட முடியாது என்று கொஞ்சம் பின்வாங்கியது. தேர்வில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும்.

கேள்வி: ஃபெடரல் கோர்ட்டில் வழக்குத் தள்ளுபடியானால், வழக்குப் போடக் கட்டிய கட்டணம் 405 டாலர் திரும்ப வருமா?
— வாசகர், நியூயார்க்

பதில்: வராது. ஏழ்மையைக் காட்டி விலக்கு வாங்கியவர்களுக்குக் கவலையில்லை. சிறைக் கைதிகளுக்கு அந்தச் சலுகையும் முழுதாக இல்லை: 1996-இல் வந்த சட்டத்தின்படி அவர்கள் சிறைக் கணக்கிலிருந்து மாத வரவில் 20 சதவீதம் என்று அந்தக் கட்டணத்தில் 350 டாலர் தீரும்வரை பிடிப்பார்கள், வழக்கு எப்போதோ தள்ளுபடியாகியிருந்தாலும்.