கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறதே என் பதிவு!

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி செய்து விற்கிறேன். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் தமிழில் பதிவு போடுகிறேன். என் அக்கா அவற்றைப் படித்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறது, நீ பேசுவது போலவே இல்லை” என்கிறார். செயற்கை நுண்ணறிவுச் செயலி அழகாக எழுதித் தருகிறது. ஆனால் பக்கத்து புளோக்கில் கேக் விற்பவரின் பதிவும் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. எனக்கென்று ஒரு நடை வருமா? வாரம் ஐந்து பதிவு போட்டால் தானாக வந்துவிடும் என்கிறாள் தோழி. ஆங்கிலத்திலும் எழுத வேண்டுமா?

பதில்: உங்கள் அக்கா சொன்னது சரிதான். நீங்கள் அனுப்பியவற்றில் ஒரு பதிவு இது: “எங்களிடம் அனைத்து வகையான பலகாரங்களும் தரமாகவும் சுவையாகவும் நியாயமான விலையில் கிடைக்கும்.” உங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தேக்காவில் உள்ள எந்தக் கடையின் பெயரைப் போட்டாலும் இது பொருந்தும். இனி எதை எழுதினாலும் இப்படிப் பெயரை மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடலாம்.

சொல்லழகு பிறகு வரட்டும். எதைக் கவனிக்கிறோம், எதை முதலில் சொல்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறோம். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவீர்கள் அல்லவா? அவற்றில் இரண்டு மூன்றைத் திரும்பக் கேட்டு, சொன்ன வரிசை மாறாமல் எழுதுங்கள். அதிரசம் ஏன் தாமதம் என்று யாருக்கோ விளக்கியிருப்பீர்கள். அது எழுத்துக்கு வந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அதிரசம் சனிக்கிழமைதான் கிடைக்கும். பாகு பதம் வருவதற்குள் இறக்கிவிட்டேன், முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோய்விட்டது. மாவைப் புதிதாகக் கிளறி ஊற வைத்திருக்கிறேன். அவசரம் என்றால் முறுக்கு இருக்கிறது, பாக்கெட் ஆறு வெள்ளி.”

‘தரமான’, ‘சுவையான’ எதுவும் இதில் இல்லை. ஆனால் பாகு சரியில்லை என்றால் மொத்த மாவையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குபவர் நீங்கள் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுப்படியில் நின்றவரைத் தவிர வேறு யாரும் இதை எழுதியிருக்க முடியாது. செயலிக்கு உங்கள் அடுப்படி தெரியாது. அதனால்தான் அது எல்லாருக்கும் ஒரே பதிவைத் தருகிறது. அதை முழுக்க ஒதுக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதி முடித்ததைக் கொடுத்து, ஒற்றுப்பிழையை மட்டும் காட்டு, வாக்கியத்தைத் தொடாதே என்று கேளுங்கள். அப்போதும் அது ஓரிரு இடத்தில் ‘மேம்படுத்தி’ வைத்திருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேசுவது போல என்றால் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். என் யோசனை வேறு. வினைச்சொற்கள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். வாக்கியத்தின் நீளமும் சொல்கிற வரிசையும் பேச்சில் உள்ளபடி இருக்கட்டும். இங்கே பள்ளிக்குப் பிறகு தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் அதிகம். பேச்சு வழக்கை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் அவர்கள் தடுமாறுவார்கள். நாற்பது சொல் நீளும் வாக்கியத்திலும் அதே தடுமாற்றம்தான். ஆனால் வெள்ளி (டாலர்), கோப்பிக்கடை, பசியாறுதல் போன்ற நம்மூர்ச் சொற்களைத் தமிழ்நாட்டு வாசகருக்காக மாற்றாதீர்கள். முறுக்கு வாங்கப்போவது அவர்கள் இல்லை.

இன்ஸ்டகிராமில் ஒரு படத்துக்குக் கீழே 2,200 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். ஆனால் திறந்தவுடன் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிகள் மட்டுமே. அந்த இடத்தை “அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்” என்பதற்குக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முதல் ஆளாக ஆர்டர் தரும் ஒருவர் இருப்பாரே, அவரை மனத்தில் வைத்து எழுதுங்கள். அவரிடம் பேசும்போது முன்னுரையா படிப்பீர்கள்? ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவருடைய பெயரையோ புளோக் எண்ணையோ வாட்ஸ்அப் உரையாடலின் படத்தையோ கேட்காமல் போடாதீர்கள்.

பிடித்த ஒருவரின் நடையைப் பார்த்து எழுதுவதில் தவறில்லை, எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறோம். ஒரே ஆளைப் பார்த்து எழுதினால்தான் சிக்கல். நூலகக் கிளையில் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து, பல எழுத்தாளர்களை மாற்றி மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்று கவனித்தால் வாக்கியம் எங்கே முடியவேண்டும் என்பது பிடிபடும்.

தோழியின் ‘வாரம் ஐந்து’ கணக்கு எனக்கு உடன்பாடில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உங்களுக்குச் சொல்ல நாள்தோறும் ஏதாவது இருக்கும். மற்ற மாதங்களில் எண்ணிக்கையை நிரப்பத் தொடங்கினால், மூன்றாவது பதிவிலேயே ‘அனைத்து வகையான பலகாரங்கள்’ திரும்பி வந்துவிடும். மழைக்காலத்தில் முறுக்கு நமத்துப்போகாமல் எப்படி வைப்பது என்று மாதம் ஒரு பதிவு போட்டாலும் போதும்.

ஆங்கிலத்தில் எழுதுவது உங்கள் வாடிக்கையாளர்களைப் பொறுத்தது. பிள்ளைகள்தான் ஆர்டர் போடுகிறார்கள் என்றால் எழுதுங்கள். தமிழ்ப் பதிவை மொழிபெயர்க்காமல், என்ன இருக்கிறது, என்ன விலை, எங்கே வந்து எடுக்கலாம் என்று மூன்று வரியில் தனியாக எழுதித் தமிழுக்குக் கீழே போட்டுவிடுங்கள்.