8802ஆம் ஆணையும் கறுப்பினப் பெண்களும்

“1941 ஆணை வந்ததும் அமெரிக்கப் போர்த் தொழிற்சாலைகள் கறுப்பினப் பெண்களுக்குத் திறந்துவிட்டன” என்று நீங்கள் எழுதிய வரியைப் பதிப்பாசிரியர் ஏன் நீக்கினார் என்று கேட்டிருந்தீர்கள். ஆணை உண்மைதான். போர்த் தொழிற்சாலைகளின் இனப் பாகுபாட்டை எதிர்த்து வாஷிங்டனுக்குப் பேரணி வருவோம் என்று கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் மிரட்டியதால், அதிபர் ரூஸ்வெல்ட் ஜூன் மாதம் 8802ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். “திறந்துவிட்டன” என்பதில்தான் சிக்கல். ஆணை இனப் பாகுபாட்டைத் தடுத்தது. பாலினம் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. புகார்களை விசாரிக்க அமைத்த குழுவுக்கும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அதனால் வேலைக்கு எடுத்தபோது முதலில் வெள்ளை ஆண்கள், அப்புறம் வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கடைசியில்தான் கறுப்பினப் பெண்கள். கிடைத்ததும் பெரும்பாலும் துடைக்கிற, கூட்டுகிற வேலை.

உள்ளே போன பிறகும் கதை முடியவில்லை. 1943இல் பால்டிமோர் நகரின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில், கறுப்பினத்தவருக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடுவில், கழிப்பறைக்காக! ஆலையை ராணுவமே கையில் எடுக்க வேண்டி வந்தது.

ஆனால் எதுவும் மாறவில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். 1940இல் வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் சுமார் 60 சதவீதம் பேர் வீட்டுவேலைக்காரர்கள். போர்க்காலத்தில் அந்தப் பங்கு நன்றாகவே குறைந்தது. “திறந்துவிட்டன” என்பதை “தாமதமாக, அரைகுறையாகத் திறந்தன” என்று மாற்றி, பால்டிமோரைச் சான்றாகச் சேருங்கள்.