நாயகி நடுங்கலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸில் குண்டு போட்ட வருஷத்தில் நடக்கும் உங்கள் நாவலைப் படித்தேன். நானும் ராயபுரம்தான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கதை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் உங்கள் நாயகி அந்த ராத்திரி கை கால் நடுங்கி அழுகிறாள். வலிமையான பெண்களை எழுதுகிறவர் இப்படிச் செய்யலாமா? என் தோழிகளுக்கும் ஏமாற்றம்தான். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக வெளியே போய்க் கொலைக்குத் துப்புத் துலக்கியிருக்க முடியுமா என்றும் சந்தேகம். அட்டைப்படமும் பொருந்தவில்லை. நானும் சரித்திர மர்ம நாவல் எழுத ஆசைப்படுகிறேன். எப்படித் தொடங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுதுவது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, ராயபுரம்

அன்புள்ள தங்கைக்கு,

கல்லூரிப் பெண் என்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒருத்தியை இருட்டில், பூட்டு திறந்து கிடக்கும் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அவளை உள்ளே அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது.

அட்டைப்படத்தைப் பதிப்பகத்தாரிடம் கேள். எத்தனை பக்கம் என்பதெல்லாம் ஒரு கேள்வியா? வந்தால் எழுது, வராவிட்டால் படி.

தனியாக வெளியே போயிருக்க முடியுமா என்கிறாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக விற்ற பெண்களின் கொள்ளுப்பேத்திகள் உன் வகுப்பிலேயே இருப்பார்கள். பெண்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள் என்பது வசதியான சில வீடுகளின் கதை. அதை ஊருக்கே பொதுவாக்காதே. 1938 நவம்பர் 13 அன்று வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் பெண்கள் மாநாடு நடந்தது. மறுநாளே கட்டாய இந்தியை எதிர்த்து ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் மறியல் செய்து, தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் முதலான பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டே போனவரும் உண்டு. தருமாம்பாளின் நினைவிடம் மூலக்கொத்தளத்தில்தான் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். போயிருக்கிறாயா? சரித்திர நாவல் எழுத ஆசைப்படுகிறவள் முதலில் அங்கே போய்விட்டு வா.

சரி, அழுகைக்கு வருகிறேன். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி. சண்டை எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஹைகோர்ட்டு மேலே கலங்கரை விளக்கு எப்போதும்போல எரிகிறது. கடலிலிருந்து குண்டு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளில் விழுகிறது, வானம் சிவந்துபோகிறது. சுட்டது யார், அடுத்த குண்டு எங்கே விழும், எதுவும் தெரியாது. அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அந்த ராத்திரி நடுங்காத ஒருத்தியை எழுதினால் அவளை யார் நம்புவார்கள்? உன் தோழிகள் கேட்பது குதிரையேறி வாள் வீசுகிற பெண். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு என்ன மர்மம் இருக்கிறது?

என் ஆயாவை, அதாவது என் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன், கேள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று மெட்ராஸ் காலியானது. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலிகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று அவற்றைச் சுட்டே கொன்றார்கள். எங்கள் சந்தில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஆயாவுக்குப் போக ஊர் இல்லை, இடுப்பில் கைக்குழந்தை வேறு. அண்டை அயலார் வீட்டுச் சாவிகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாச் சாவியையும் ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தாளாம். விளக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவு. தினமும் இருட்டினதும் ஒவ்வொரு பூட்டாகத் தடவி, இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு ராத்திரி ஒரு வீட்டுப் பூட்டு திறந்து கொண்டியில் தொங்கியது. உள்ளே இருமல் சத்தம். ஆயா இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவாள். நாங்கள் மூச்சுவிட மாட்டோம். "ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு, பல்லு கிட்டிப்போச்சு" என்பாள். அந்த நடுக்கத்தோடேயே கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, பூட்டை எடுத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டாள்! விடியும் வரை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிர்த் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ரெண்டு ஆண்பிள்ளைகளைக் கூட்டிவந்து திறந்தால், உள்ளே இருந்தவர் அந்த வீட்டுக்காரரேதான். மனைவி புதைத்து வைத்திருந்த நகையைத் தோண்டி எடுத்து அடகு வைக்கத் திருட்டுத்தனமாக வந்திருக்கிறார். அந்த அம்மாள் ஊர் திரும்பியதும், சாவியைக் கொடுத்த கையோடு ஆயா நடந்ததைச் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லத்தான் அந்த ராத்திரியைவிட அதிகமாக நடுங்கினாளாம். அந்த வீட்டுக்காரர் அப்புறம் சாகும்வரை அவளோடு பேசவில்லை.

யோசித்துப் பார். பயம் இல்லாதவளாக இருந்திருந்தால் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பாள், கதை அரைப் பக்கத்தில் தீர்ந்திருக்கும். பயந்ததால்தான் பூட்டு எங்கே தொங்குகிறது என்று பார்த்தாள், தான் ஒருத்தி, இடுப்பில் பிள்ளை என்று கணக்குப் போட்டாள். நான் எழுதுகிற நாயகிகள் எல்லாரும் இவள் வயிற்றில் பிறந்தவர்கள். அழுகிறாள், அதனால் பலவீனமானவள் என்று நீ எழுதியதைப் படித்தபோது ஆயாவையே சொன்னது போலக் கோபம் வந்தது. நீ எழுதும்போது உன் நாயகியை நன்றாகப் பயப்பட விடு. எதற்குப் பயப்படுகிறாள், யாருக்கெல்லாம் தெரியாமல் பயப்படுகிறாள் என்பதை முதலில் முடிவு செய். வீட்டில் பாட்டி இருந்தால் அவளிடம் போய் உட்கார்ந்து, அவள் பயந்த ராத்திரிகளைக் கேள். அதில் ஒன்றிலிருந்து தொடங்கு.

முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்பு. என் நாவலில் அந்த வாசலில் நிற்பவள் உள்ளே போகப்போவதில்லை. அதை முடிவு செய்ய உன் கடிதம்தான் உதவியது.

அன்புடன்,
அக்கா