சிறுசேரியில் வேலை, முதல் வீடு எங்கே?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. மே மாதம் சென்னைக்கு மாற்றலாகி வந்தோம். எனக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை, மனைவிக்குக் கிண்டியில். கையிருப்பு 15 லட்சம். புரோக்கர் ஒருவர் தையூர் பக்கம் 25 லட்சத்துக்கு ஒரு மனை காட்டினார். மூன்று அண்ணன் தம்பிகள் விற்கிறார்கள். மேடவாக்கத்தில் ஆறு வீடுள்ள கட்டடம் ஒன்றில், இன்னும் கட்டி முடியாத ஃபிளாட் 60 லட்சம் என்கிறார். மனைக்கு 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டேன். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த வருடம் எதுவுமே வேண்டாம். நீங்கள் சென்னையை இன்னும் ஒரு ஐப்பசி, கார்த்திகையில் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் இங்கே வீடு வாங்கக் கூடாது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆபீசுக்குப் பக்கமாகவே வீடு தேடுகிறார்கள். ஐ.டி. வேலை இன்றைக்குச் சிறுசேரி, இரண்டு வருடம் கழித்துப் போரூர். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தையூரில் வாங்கினால் தினமும் அவதிப்படப் போவது உங்கள் மனைவி. ஆகவே மின்சார ரயில் பாதையைப் பிடியுங்கள். குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் எங்கிருந்தாலும் அவருக்குக் கிண்டி ஒரே ரயில். உங்களுக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை இருக்கிறது. கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் பதினொரு மாத வாடகைக்குப் போங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வருகிறது என்று சொல்லித்தான் பழைய மகாபலிபுரம் சாலையில் விலை ஏற்றுகிறார்கள். ஓடாத ரயிலுக்கு நீங்கள் ஏன் இன்றே டிக்கெட் வாங்க வேண்டும்?

மழை நாட்களில், உங்களுக்குப் பிடித்த தெருக்களில் நடந்து பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் படகு ஓடியது. அங்கே இருந்தது சதுப்பு நிலம், தண்ணீர் தன் இடத்துக்குத்தான் வந்தது. மேடவாக்கம் அதற்கு மிக அருகில். மேடவாக்கம் முழுவதும் மூழ்கும் என்று சொல்லவில்லை, தெருவுக்குத் தெரு மாறும். அதைப் புரோக்கர் சொல்ல மாட்டார். இஸ்திரி வண்டிக்காரரையும் பால் போடுகிறவரையும் கேளுங்கள், எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று காட்டுவார்கள். பழைய பெயர்களைக் காதில் வாங்குங்கள்: தாங்கல் என்றாலும் ஏந்தல் என்றாலும் ஏரிதான். அதே தெருவுக்கு மே மாதமும் ஒருமுறை போய், மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள்.

இனி அந்த மனை. புரோக்கர் ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, டி.டி.சி.பி.க்குப் போட்டிருக்கு’ என்றாரா? இந்த வாக்கியத்தை இருபது வருடமாக என் மேஜைக்கு எதிரில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அவர் கையெழுத்திட்ட வரைபடம் வெறும் காகிதம். டி.டி.சி.பி. என்பது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம். அங்கே ‘போட்டிருக்கு’ என்பதற்கு அனுமதி இன்னும் இல்லை என்று பொருள். அனுமதியில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறை செய்யும் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றுக்குத்தான். அதற்குப் பிறகு வயலில் கல் நட்டவர்களுக்கு அந்த வழி இல்லை. அனுமதியில்லாத மனையைப் பதிவு செய்யச் சட்டம் தடுக்கிறது என்பதால், மனை என்று எழுதாமல் சென்ட் கணக்கில், பிரிபடாத பாகம் (எல்லை பிரிக்காத பங்கு) என்று எழுதிப் பதிகிற வித்தையும் நடக்கிறது. அதற்குத் தலையாட்டினால் நாளைக்கு வீடு கட்ட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

விற்பவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள் என்கிறீர்கள். அக்கா தங்கைகள் உண்டா? கேட்டால், ‘சீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்’ என்று பதில் வரும். சீர் செய்ததால் பெண்ணின் பங்கு போய்விடாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு தங்கை விடுபட்ட பத்திரத்தால் கட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து வழக்கு நடத்தும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

‘வில்லங்கம் சுத்தமாக இருக்கிறதே’ என்பீர்கள். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். விடுபட்ட வாரிசும் பதியாத உயிலும் அதில் தெரியாது. நீங்கள் இத்தனை கட்டணம் கட்டியும், பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதியுமே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டு என்று உத்தரவாதம் தராது. பட்டா ஓர் அலுவலகம், பத்திரம் ஓர் அலுவலகம், மனை அனுமதி இன்னோர் அலுவலகம். இவை மூன்றையும் ஒரே தாளில் சாதாரண மனிதன் கையில் கொடுக்க இத்தனை வருடங்களில் அரசுக்கு மனம் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு வருவோம். ‘ரெரா நம்பர் கேள்’ என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். ரெரா என்பது வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஆணையம். நல்ல யோசனை, ஆனால் இங்கே ஓர் விதிவிலக்கு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. புறநகரில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், ஆறு வீடு கட்டுகிறார்களே, அவை அத்தனையும் இதில் அடங்கும். உங்கள் ஆறு வீட்டுக் கட்டடத்துக்கு நம்பர் இல்லாதது குற்றமில்லை. ஆனால் பதிவான திட்டத்தில் வாங்குவோர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் கொடுக்கும் பணம் பில்டரின் அடுத்த கட்டடத்துக்குப் போனாலும் தடுக்க ஆளில்லை. ‘ரெரா தேவையில்லை சார்’ என்பதை ஏதோ சலுகைபோலச் சொல்வார்கள். அந்தச் சலுகை அவர்களுக்கு, ஆபத்து உங்களுக்கு. இப்படிப்பட்ட கட்டடத்தில் வாங்குவதானால் கட்டி முடித்ததை மட்டும் வாங்குங்கள். நில உரிமையாளர் பில்டருக்குப் பவர் (தன் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால், அந்தப் பவர் பதிவானதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 60 லட்சத்துக்கு வங்கி 80 சதவீதம், 48 லட்சம் தரும். மீதி 12 லட்சம் உங்களுடையது. புதிய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம், 4.2 லட்சம். கட்டி முடியாததற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 3 லட்சம். ஆக 19.2 லட்சம் கையில் வேண்டும், இருப்பதோ 15. ‘மீதிக்குப் பர்சனல் லோன் போட்டுக்கலாம்’ என்பார் புரோக்கர். எழுந்து வந்துவிடுங்கள். முடித்து, நிறைவுச் சான்றும் வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

மனைக்கு டோக்கனாகக் கொடுத்த 25,000-க்கு ரசீது உண்டா? இல்லாவிட்டால் பணம் வாங்கியவருக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பில், ‘இந்த மனைக்காக இந்தத் தேதியில் கொடுத்த 25,000 ரூபாய்’ என்று குறிப்பிட்டு, மனை அனுமதி உத்தரவின் நகல், தாய்ப் பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்), வாரிசுச் சான்று மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அவர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலும் பணம் வாங்கியதற்கு அது சாட்சி. ஒரு வாரத்தில் மூன்றும் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதுவரை ‘அக்ரிமென்ட் போட்டுடலாம், வேறு பார்ட்டி ரெடியா இருக்கு’ என்று தொலைபேசி வந்துகொண்டே இருக்கும். அந்த வேறு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள்.