க்வென் ஸ்டேசியைக் கொன்றிருக்கத்தான் வேண்டுமா?

'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2' படத்தில் ஸ்பைடர்மேனான பீட்டரின் காதலியும் எல்லோருக்கும் பிடித்தவளுமான க்வெனைக் கொன்றது தேவைதானா, அது நம்மை அழவைக்கும் உத்தி மட்டும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் இறந்தது கதைக்குச் சரியே என்று நான் நம்புகிறேன். இறந்த பிறகு படம் அவளுக்கு ஒதுக்கிய நேரம்தான் போதவில்லை.

2014 மே மாதம் அந்தப் படம் வந்தபோது எங்கள் பாம்பனில் மீன்பிடித் தடைக்காலம். அன்று அது 45 நாள். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்ததால் அப்பாவும் எங்களோடு ராமநாதபுரத்துக்குப் படம் பார்க்க வந்தார். மணிக்கூண்டுக்குள் க்வென் விழுகிறாள், பீட்டரின் வலை பாய்ந்து சென்று அவளைப் பிடித்தும் விடுகிறது, ஆனாலும் அவள் கண் திறக்கவில்லை. "பிடிச்சுட்டானேப்பா, பிறகு எப்படி?" என்று அக்கா அழுதுகொண்டே கேட்டாள். "கயிறு வெடுக்குன்னு நின்னா அப்படித்தான் தாயி" என்றார் அப்பா.

நங்கூரக் கயிறு தொய்வாகக் கிடக்கும்வரை படகுக்குத் தீங்கில்லை. பேரலை ஒன்று தூக்கி எறியும்போது தொய்வு முழுவதும் தீர்ந்து கயிறு விறைத்தால், படகின் பாரமும் வேகமும் சேர்ந்து அந்த ஒரு நொடியில் இறங்கும், அப்போதுதான் கட்டை பெயர்வதும் கயிறு அறுவதும் நிகழும். 20 மீட்டர் விழுந்த உடல் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். அதைச் சட்டென்று நிறுத்தினால் கழுத்து தாங்காது. இந்தக் காட்சிக்கு மூலம் 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' சித்திரக்கதையின், 1973 ஜூன் தேதியிட்ட 121ஆவது இதழ். ஜெரி கான்வே எழுதி, கில் கேன் வரைந்தது. பாலத்திலிருந்து தள்ளப்பட்டவளை வலை பிடிக்கும் கட்டத்தில், அவள் கழுத்தருகே 'முறிந்தது' என்று உணர்த்தும் சிறிய ஒலிச்சொல் ஒன்று அச்சாகியிருக்கும். அந்தத் திடீர் இழுப்பே அவளைக் கொன்றது என்று இதழின் ஆசிரியர் குழுவும் பின்னர் வாசகர் கடிதப் பகுதியில் ஒப்புக்கொண்டது. ஆகவே, தள்ளியவன் வில்லனே ஆனாலும், காப்பாற்ற நீண்ட கையும் அந்த மரணத்தில் கலந்திருக்கிறது. பீட்டரின் துயரம் வேறெந்த நாயகனின் துயரத்தையும் போல் இல்லாததற்கு இதுவே காரணம். அவளை வேறு விதமாகக் கொன்றிருந்தால் உங்கள் குற்றச்சாட்டை நானும் ஏற்றிருப்பேன்.

நாயகனுக்குக் கோபம் வருவதற்காகவே காதலியைக் கொல்லும் வழக்கம் சித்திரக்கதைகளில் மிகுதி என்பதும், பின்னாளில் சித்திரக்கதை எழுத்தாளரான கெயில் சிமோன் 1999இல் அதற்கு ஒரு நீண்ட பட்டியலே தொகுத்தார் என்பதும் உண்மை. 1973இன் க்வென் மயங்கிய நிலையிலேயே, ஒரு சொல்லும் பேசாமல் இறந்தாள். படத்தில் எம்மா ஸ்டோனின் க்வென் அப்படியல்ல. பீட்டர் தன்னை வலையால் காரோடு கட்டிவிட்டுப் போன பிறகும், அதை அறுத்துக்கொண்டு வந்து, மின்நிலையத்தை இயக்கி நகரத்தைக் காப்பாற்ற உதவுகிறாள். வருவது அவளுடைய முடிவு. அதை அவளே சொல்லவும் செய்கிறாள்.

என் மனக்குறை அதற்குப் பிறகுதான். கல்லறை முன் பீட்டர் நிற்கிறான், பருவங்கள் மாறுகின்றன, ஐந்து மாதங்கள் சில நிமிடங்களில் ஓடிவிடுகின்றன, அவளுடைய பட்டமளிப்பு உரையைக் கேட்டதும் மீண்டும் முகமூடி அணிந்துவிடுகிறான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் அப்படியொரு வீட்டில், ஆண்டுகள் கழிந்தும் இறந்தவரின் வலை திண்ணையிலேயே கிடந்தது. எடுத்து வைக்க யாருக்கும் கை வரவில்லை. அடுத்த படத்திலாவது அந்தத் துயரத்துக்கு இடம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அது எடுக்கப்படவே இல்லை.

2021 டிசம்பரில் வந்த 'நோ வே ஹோம்' படத்தில், இன்னொரு ஸ்பைடர்மேனின் காதலியான எம்.ஜே. விழும்போது, அன்று பீட்டராக நடித்த அதே ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் வலையை மட்டும் அனுப்பிவிட்டு நிற்காமல் தானே குதித்து, அவளைக் கைகளில் ஏந்தி இறங்கினார். நலமா என்று கேட்கிறார். அவள் நலம் என்று சொல்லி, அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க, கண் கலங்கியபடி தலையை மட்டும் அசைக்கிறார். அன்றும் அக்கா என் பக்கத்தில்தான் இருந்தாள். "இந்தத் தடவை கூடவே குதிச்சுட்டான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.